திறந்து பார்த்து எடுக்கலாம்

சரீபா ராத்தாவிடம் சாமான் விற்றவர்கள் லேசில் தப்பிப் போனதில்லை. எங்கள் பாடசாலைக் கென்டீனைப் பதினாறு வருடமாக நடத்துகிறவர் அவர், எல்லோருக்கும் ராத்தா, அதாவது அக்கா. பாண்காரர் பாணை இறக்கினால் ஒவ்வொன்றையும் அமத்திப் பார்ப்பார். மாப் பையை வாங்கினால் உள்ளே கைவிட்டு அடி வரைக்கும் கிளறுவார். சொறிக்கல்முனையிலிருந்து கீரை கொண்டுவரும் அழகரெத்தினம் ஐயா கட்டை மேசையில் வைத்த கையோடு ராத்தா அதை அவிழ்த்துப் பரப்பி விடுவார்.

"கட்டின கீரைய ஒரு நாளாவது கட்டோட வாங்கினீங்களா?" என்று ஐயா கேட்பார்.

"நடுவில வாடினத வெச்சுக் கட்டுறத நீங்க விடுங்க. நான் அவிழ்க்கிறத விடுறன்."

நான் பாண்டிருப்புக்காரி. பெயர் சுலக்சனா. அந்தப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். காலையில் ராத்தாவின் பிளேன்டீ குடிக்காமல் எனக்கு முதலாம் பாடம் ஓடாது. அதனால் அவருடைய சண்டைகளில் பாதியை நான் முன்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். சொன்னால் என்ன, ரசித்தும் இருக்கிறேன். நானும் ஏமாறப் பிடிக்காத சாதிதான். வாய்தான் அவரளவுக்கு இல்லை.

அவருடைய கணவர் முகைதீன்பாவா இதற்கு நேர்மாறு. ஒரு அரிசி ஆலையில், நெல் அவிக்கிற தொட்டியடியில் இருபத்தேழு வருடம் நின்றவர். அழுகின மாம்பழத்தை வாங்கி வந்தாலும், "போகட்டும் சரீபா, அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்பாராம். ராத்தா அதே மாம்பழத்தை எடுத்துக்கொண்டு கடைக்கே போய்விடுவாராம்.

முகைதீன்பாவாவுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அத்தர். பச்சைக் குப்பி, பொன் நிற மூடி. காலையில் ஆலைக்குப் போனதும் சட்டைக் கழுத்தில் ஒரு சொட்டுத் தடவிக்கொள்வார். குப்பி வீட்டுக்கு வருவதில்லை. ஆலையில் அவருடைய பைக்குள்ளேயே கிடக்கும். பின்நேரம் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் ஏறும்போது குசினிக்குள் இருந்தபடியே ராத்தாவுக்குத் தெரிந்துவிடும். "குளிச்சிட்டு வாங்க, ஆலை மணத்தோட உள்ள வராதீங்க" என்று சத்தம் வைப்பார். முப்பது வருடத்துக்குக் கிட்ட அதே சத்தம்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்ப வாசல் ஏறவில்லை. அந்த நாளில் இருந்த கட்டளைப்படி ஓட்டமாவடியில் கொண்டுபோய் அடக்கினார்கள். குளிப்பாட்டி, மணம் பூசி, கடைசியாக ஒருமுறை முகம் பார்த்து வழியனுப்புகிற எதுவும் ராத்தாவுக்குக் கிடைக்கவில்லை. பயந்துபோன அயலவர்கள் முகைதீன்பாவாவின் உடுப்புகளையும் தலையணையையும் வளவுக்குள் குவித்து எரித்துவிட்டார்கள்.

"தடுத்திரிக்கலாம் டீச்சர்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஒரு சாரனையாவது இழுத்தெடுத்திரிக்கலாம். நானும் பயத்திலதான் பாத்துக்கிட்டு நின்டன்."

இன்னொரு நாள், ரோல்ஸுக்குக் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார். "முகம் படத்தில கிடக்கு. குரல் போனில கிடக்கு, மகன்ட கலியாண வீடியோவில கதைக்கிறாரு. மணத்தத்தான் டீச்சர் ஒண்டிலயும் வெக்க ஏலாமப் போச்சு. வர வர அது எப்படி இருந்த எண்டே மறந்து போகுது. அதுதான் எனக்குப் பயமா இரிக்கி."

 மூக்கைப் பற்றிப் பத்தாம் வகுப்புக்குப் படம் கீறிப் படிப்பிக்கிறவள் நான். அந்த நேரம் அதெல்லாம் எனக்கு உதவவில்லை.

முகைதீன்பாவாவோடு ஆலையில் நின்ற முபீன் என்பவர் பல மாதம் கழித்து அந்தப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு தொப்பி, ஒரு சீப்பு, காய்ந்துபோன பச்சைக் குப்பி. தொப்பியில் ஆலைத் தூசுதான் மணத்தது. குப்பியில் ஒன்றும் இல்லை. லேபிள் மட்டும் மிச்சம். அதே அத்தரை ராத்தா கல்முனைக் கடை, அக்கரைப்பற்றுக் கடை எல்லாம் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் போனில் தேடிக் கண்டுபிடித்தது நான்தான். 'மணவாசல்' என்று ஒரு முகநூல் பக்கம். படத்தில் அதே பச்சைக் குப்பி, அதே லேபிள்.

"இது அவர்ரதான் டீச்சர்! போடுங்க, ஓடர் போடுங்க!" ராத்தாவின் விரல் போன் திரையைத் தொட்டுத் தொட்டுப் படம் தன்பாட்டில் பெரிதாகியும் சிறிதாகியும் போனது. அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாலாம் நாள் பார்சல் வந்தது. காசு கொடுத்து வாங்கிக்கொண்டு ராத்தா கென்டீன் கதவைச் சாத்தினார். நானும் உள்ளே இருந்தேன். மூடியைத் திருகினார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கடியில் பிடித்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் அணைந்தது.

"இது இல்ல."

இன்னொரு முறை மணந்தார். கையில் தடவி மணந்தார். "இது இல்ல டீச்சர். இது வெறும் செண்டு. கள்ளச் சாமான்."

அந்தப் பக்கத்துக்கு வட்சப்பில் குரல் அனுப்பினார். மறுபக்கம் இருந்து ஒரு இளம் பெண்ணின் குரல், மரியாதையாக வந்தது. "மாமி, அது அசல்தான். நான் அசல் இல்லாம விக்கிறல்ல. குப்பிக்குள்ள மணக்கிறது வேற, ஆள்ர மேலில மணக்கிறது வேற. துணியில பூசி ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்க." ராத்தா விட்டுப் பார்க்கவில்லை. அன்று அவருக்கு ஆத்திரம் மட்டும் இருக்கவில்லை. கிட்ட வந்த ஒன்றைத் தட்டிப் பறித்துவிட்டார்கள் என்ற துக்கம் இருந்தது. துக்கத்தில் இருக்கிறவருக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது, குற்றம் சொல்ல.

முகநூலில் எழுதத் தனக்குத் தெரியாது என்றார். எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்து வாங்கல் விற்றல் குழு ஒன்றில், ராத்தாவின் பெயரில், குப்பிப் படத்தோடு எழுதினேன். "அன்பான உறவுகளே, ஏமாறாதீர்கள்!" என்று தொடங்கி, "ஒரு விதவையின் கண்ணீரோடு விளையாடிய கள்ள அத்தர் வியாபாரி" என்று முடித்தேன். அந்தக் கடைசி வரிக்காக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது. நானூறு பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். நானும் என்னுடைய கணக்கில் பகிர்ந்தேன்.

மறுநாளே அந்தப் பெண் காசைத் திருப்பி அனுப்பிவிட்டாள். குப்பியை வைத்துக்கொள்ளுங்கள், பதிவை மட்டும் அழித்துவிடுங்கள் என்று கெஞ்சிக் குரல் அனுப்பியிருந்தாள்.

"தப்புச் செய்யாதவ காசத் திருப்புவாளா?" என்றார் ராத்தா.

"அதானே" என்றேன் நான்.

பதிவு அப்படியே கிடந்தது. இரண்டு நாளில் அந்த இலக்கம் எங்கள் இருவரையும் தடுத்துவிட்டது. ஒரு மாதத்தில் மணவாசல் பக்கத்தையும் காணவில்லை. ராத்தா குப்பியை அலுமாரிக்குள் போட்டார். நான் மறந்தே போனேன்.

ஆறு மாதம் கழித்துக் கட்டாரில் இருக்கும் மகன் நிப்றாஸ் உம்மாவுக்கு உம்றாப் பயணம் ஒழுங்கு செய்தான். ராத்தா மக்காவை நினைத்து ஏங்கியது இன்று நேற்றல்ல. இரண்டு பேருமாகப் போக வேண்டும் என்று உண்டியலில் போட்டுச் சேர்த்த காலமும் உண்டாம். இப்போது ஒராளாகப் போகிறார்.

அங்கே போகிறவர்கள் போகுமுன் ஊரில் பயணம் சொல்வார்கள். அது வெறும் "போயிட்டு வாறன்" அல்ல. தெரிந்தவர், பழகியவர், சண்டை பிடித்தவர் எல்லோரிடமும் நேரில் போய், "என்னால ஏதும் மனம் நொந்திருந்தா மாப்புச் செய்யுங்க" என்று கேட்பார்கள். ஆண்டவனுக்குச் செய்த பிழையை ஆண்டவன் பொறுப்பான், மனிசருக்குச் செய்த பிழையை அந்த மனிசர்தான் பொறுக்க வேண்டும் என்று ராத்தா எனக்கு விளங்கப்படுத்தினார். அந்தப் பாரத்தைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கஃபாவுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று கேட்டார்.

ராத்தாவுக்குப் பட்டியல் நீளம். பாண்காரர், மாக்கடைக்காரர், மாம்பழக்காரர் என்று ஒவ்வொருவராகப் போனார். அழகரெத்தினம் ஐயா சிரித்துவிட்டார். "அவிழ்த்ததுக்கு மாப்பு. திருப்பிக் கட்டித் தராததுக்கு இல்ல" என்றார். ராத்தா அந்த இடத்திலேயே குந்தி ஒரு கட்டுக் கீரையைக் கட்டிக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அது வரைக்கும் எல்லாம் சந்தோசமாகவே போனது.

பயணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தபோது ராத்தா ஆலைக்குப் போனார், கணவரோடு நின்றவர்களிடம் பயணம் சொல்ல. போகும்போது அலுமாரியில் கிடந்த பச்சைக் குப்பியையும் எடுத்துப் போனார். கள்ளச் சாமான் என்றாலும் மணம் இருக்கிறதே, பையைக் கொண்டுவந்து தந்த முபீனுக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பு. மறுநாள் காலையில் கென்டீனில் வைத்து எனக்குச் சொன்னதை அவருடைய வாயாலேயே சொல்கிறேன்.

"முபீன் தம்பி, முறைக்கு எனக்கு முன்னால ஒரு சொட்டு எடுத்து சட்டையில பூசினாரு. பூசிட்டுத் தொட்டியடிக்குப் போயிட்டாரு, நெல்லு அவிஞ்சிட்டு எண்டு. ஆவி புகையாக் கிளம்பி ஆளையே மறைச்சிட்டு. நான் மத்தப் பொடியன்மாரோட கதைச்சுக்கிட்டு நின்டன். கொஞ்சம் கழிச்சு எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாரு. கிட்ட வந்தாரு டீச்சர்..."

 அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. நான்தான் இறக்கினேன்.

"அவர் வந்து நின்டாரு. அவரேதான். வேர்வையும், அவிஞ்ச நெல்லும், இந்த அத்தரும். எனக்குக் 'குளிச்சிட்டு வாங்க' எண்டு வாயில வந்திட்டு. கண்ணத் துறந்தா முபீன் தம்பி நிக்காரு. வெக்கமாப் போச்சு. தேத்தண்ணியும் குடிக்கல்ல. குடுத்த குப்பியத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கிட்டு ஓடி வந்திட்டன்."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. முப்பது வருடத்தில் அந்தக் குப்பியை ராத்தா ஒருதரமும் திறந்து மணந்ததில்லை. அத்தர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது தன் புருசனின் உடம்பு மணம். அதை எந்தக் கடைக்காரியாலும் குப்பியில் அடைத்து அனுப்ப முடியாது.

"அப்ப அந்தப் புள்ள சொன்னது உண்ம" என்றார் ராத்தா. "நாம என்ன செஞ்சிட்டம் டீச்சர்?"

நாம் என்றுதான் சொன்னார். 

போன் இலக்கம் தடுத்துக் கிடந்தது. ஆனால் எதையும் எறியாத பழக்கம் ராத்தாவுக்கு. பார்சல் உறை மிளகாய்த்தூள் டின்னுக்குள் மடித்தபடி கிடந்தது. அனுப்புநர்: எம். பஸ்மினா, அட்டாளைச்சேனை. கீழே வீட்டு இலக்கமும். அடுத்த சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். பஸ் காரைதீவு, நிந்தவூர் தாண்டியது. ராத்தாவின் மடியில் கைப்பை, கைப்பைக்குள் குப்பி, குப்பியைப் பிடித்தபடி கை.

பஸ்மினாவுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கதவைத் திறந்தவள் எங்களை அடையாளம் தெரியாமல் உள்ளே வரச் சொன்னாள். ராத்தா, "மகள், நான் கல்முனை சரீபா" என்று வாய் திறந்ததும் குரல் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகம் இறுகியது. ஆனாலும் கதிரையைக் காட்டினாள். குளிர்பானம் கரைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"அது அசல்தான் மகள். ஆலையில ஒராள் பூசினாரு, அப்பதான் விளங்கிச்சு. நான்தான் அவசரப்பட்டுட்டன். நான்தான் அத முகநூலில போட்டன்." ராத்தா என் பக்கம் திரும்பவே இல்லை. எழுதியது நான் என்று சொல்லவும் இல்லை. நான் குளிர்பானத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"நான் உம்றாவுக்குப் போகப் போறன். நீங்க மாப்புச் செய்யணும்."

 பஸ்மினா மெதுவாகக் கேட்டாள். "மாமி, ஒங்களுக்குப் பயணம் வந்திரிக்காட்டி, நீங்க இஞ்ச வந்திரிப்பீங்களா?"

எந்தச் சந்தையிலும் எந்த வியாபாரியும் ராத்தாவை இப்படி மடக்கியதில்லை. பொய் சொல்லியிருக்கலாம். "தெரியா மகள்" என்றார். "வராம விட்டிருந்தாலும் விட்டிருப்பன்."

"என்ட கூடப்பிறந்த நானா அந்தப் பதிவப் பாத்திட்டுப் பக்கத்தையே மூடச் சொல்லிட்டாரு. குடும்பத்துப் பேர் கெட்டுப் போச்சாம். கடைசியா விரிவுரைக்குப் போன அண்டைக்கு ஒருத்தி என்னக் கண்டு மூக்கப் பொத்தினா. கள்ள அத்தர்காரி எண்டு பேர் வெச்சிட்டாங்க. நான் மணந்து பாத்துப் பாத்து எடுத்த சாமான் மாமி. ஒரு மணித்தியாலம்... ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்க எண்டுதானே கேட்டன்."

ராத்தா தலையைக் குனிந்தார். கைப்பையிலிருந்து குப்பியையும், அவள் திருப்பி அனுப்பிய காசையும் எடுத்து மேசையில் வைத்தார். "ரெண்டும் என்னட்டக் கிடக்கு. ரெண்டும் என்ட இல்ல. ஒண்ட எடுங்க." சொல்லிவிட்டு அவர் பார்த்தது காசை அல்ல. அவள் காசை எடுத்துவிட வேண்டும், குப்பி தனக்கு மிஞ்ச வேண்டும் என்று அவர் மனதுக்குள் கேட்பது எனக்குத் தெரிந்தது.

பஸ்மினா குப்பியை எடுத்தாள். "வித்த சாமான் திரும்பி வந்திட்டு. காசு ஒங்கட."

"மாப்பு?"

"அத வாசலுக்கு வந்து கேக்கிறீங்க. பேரக் கெடுத்தது வாசல்ல இல்லையே மாமி." குப்பியோடு திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது ராத்தாவின் கை வெறும் கைப்பையைப் பிடித்தபடி இருந்தது. அது தன் புருசனின் மணம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் குப்பியைத் தந்திருப்பாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வெக்கம் டீச்சர். அம்பத்தாறு வயசில, மௌத்தான புருசன்ட வேர்வ மணத்துக்கு ஏங்கினன் எண்டு ஒரு குமர்ப்புள்ளக்கிட்டச் சொல்ற கதையா?"

அன்றைக்கே பழைய பதிவை அழித்தேன். புதிதாக ஒன்று எழுதினேன், அழகான தமிழில். "தவிர்க்க முடியாத காரணங்களால் ஏற்பட்ட தவறான புரிதலுக்கு வருந்துகிறோம். குறித்த அத்தர் தரமானது." பொழுதுபடுமுன்னே பதில்கள் வந்து குவிந்தன. "எவ்வளவு வாங்கினீங்க?" "கள்ளிக்குக் கள்ளி சாட்சி." ஒருவர் பஸ்மினாவின் முழுப் பெயரையும் கண்டுபிடித்துப் போட்டிருந்தார். அதுவரை, அவளைத் தெரிந்தவர்கள் தவிர மற்றவர்களிடம் ஒரு பக்கத்தின் பெயர்தான் கெட்டிருந்தது. நான் அழகாக எழுதி அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரையும் கெடுத்துவிட்டேன்.

மறுநாள் இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் ராத்தா என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் மாறிச் சொல்றம் எண்டு சொல்லாட்டிச் சனம் நம்பாது. காரணம் என்னட்டத்தான் இரிக்கி. போனப் பிடிங்க, நான் கதைக்கிறன். முகம் வேணா, குரல் போதும்."

போனைப் பிடித்தேன். ராத்தா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் சரீபா. கல்முனையில கென்டீன் நடத்துறன். என்ட புருசன் முகைதீன்பாவா கொரோனாவில மௌத்தாகினாரு. அவர அடக்கக்குள்ள நான் கிட்ட இல்ல. மணம் பூசல்ல, முகம் பாக்கல்ல. அவர் பூசுற அத்தர் கிடைச்சா அவர் ஒருக்கா வீட்டுக்கு வந்த மாதிரி இரிக்கும் எண்டு நினைச்சன். அந்தப் புள்ள அசலத்தான் அனுப்பினா. நான் தேடினது அத்தர் இல்ல. அவர்ர மேல் மணம். அது எனக்கு அப்ப விளங்கல்ல. அவர் வரல்ல எண்ட கோவத்தில அந்தப் புள்ளயக் கள்ளி எண்டுட்டன். அவ கள்ளி இல்ல. அவகிட்டச் சாமான் வாங்குங்க. எனக்கு யாரும் காசு தரல்ல."

அவ்வளவுதான். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்படியே போட்டேன், ஒரு எழுத்தும் சேர்க்காமல்.

அன்று பின்நேரம் நிப்றாஸ் கட்டாரிலிருந்து எடுத்தான். அவனுடைய குரல் எனக்கும் கேட்டது. "உம்மா, வாப்பாட கதைய இப்படி ஊருக்கே சொல்றதா?"

"ஊருக்குத்தானே மகன் பொய் சொன்னன்" என்றார் ராத்தா.  போனை வைக்கப் போன நேரம் அவன், "எனக்கும் அந்த மணம் ஞாபகம் இரிக்கி உம்மா" என்றான்.

சனம் மாறியது. பிழை விட்டோம் என்று எழுதினார்கள், பஸ்மினாவின் பெயரைப் போட்டவர் எடுத்துவிட்டார். ஆனால் பஸ்மினாவிடமிருந்து ஒன்றும் இல்லை. இலக்கம் தடுத்தபடியே கிடந்தது. நாலு நாள், மூன்று நாள், இரண்டு நாள். பள்ளிவாசல் மௌலவி, "நீங்க கேட்டாச்சு, செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு, மனச வருத்தாம போயிட்டு வாங்க" என்று ஆறுதல் சொன்னாராம். ராத்தா அதையும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினார். "நான் கேட்டது சரி. அவ தரல்லையே டீச்சர். கேட்டுட்டன் எண்டதும் கிடைச்சிட்டு எண்டதும் ஒண்டா?"

பயண நாள். மத்தியானம், லுஹர் தொழுகை முடிந்த நேரம். விமான நிலையத்துக்குப் போகிற வேன் வாசலில் நின்றது. சொந்தக்காரர், அயலவர், பாதிப் பாடசாலை, அழகரெத்தினம் ஐயா உட்பட எல்லோரும் கூடி நின்றோம். ராத்தா வெள்ளை உடுப்பில் ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டு அழுதார். ஏறுவதற்குக் கால் வைத்த நேரம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பார்சல்காரர்.

"சரீபா எண்டது யாரு? காசு குடுத்து எடுக்கிற பார்சல் ஒண்டு."

உள்ளங்கை அளவு பெட்டி. அனுப்புநர் எம். பஸ்மினா, மணவாசல், அட்டாளைச்சேனை. விலை ஒட்டியிருந்தது. முதல்முறை போட்ட அதே விலை, சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இனாமாக அனுப்பவில்லை. விற்றிருக்கிறாள். ராத்தா அந்த விலையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அதற்குக் கீழே பேனையால் ஒரு வரி எழுதியிருந்தது. கண்ணாடி கைப்பைக்குள் என்று என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன்.

"திறந்து மணந்து பார்த்து எடுக்கலாம். பயணம் போய் வாங்க மாமி. எனக்கும் துஆச் செய்யுங்க."

"அப்பிடித்தான் எனக்கும் சொன்னாங்க" என்றார் பார்சல்காரர். "துறந்து பாத்திட்டுக் காசத் தாங்க. பிடிக்காட்டி நான் திருப்பிக் கொண்டு போறன்."

பாணை அமத்திப் பார்க்கிற கை, கீரைக் கட்டை அவிழ்க்கிற கை. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். ராத்தா காசை எண்ணிக் கொடுத்தார். பார்சலை நெஞ்சோடு ஒருதரம் அணைத்தார். திறக்கவில்லை.

"வேணா தம்பி. நல்ல சாமான்தான்."

பிறகு அதை என் கையில் தந்தார். "போற எடத்தில இஹ்ராம் கட்டினா மணம் பூசக் கூடாது டீச்சர். நீங்க வெச்சிருங்க. நான் வந்து துறக்கிறன்." வேன் கதவு சாத்தியது. வீதித் திருப்பம் வரைக்கும் அவருடைய கை ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது.

ஆட்கள் கலைந்து போனார்கள். நான் பார்சலோடு வாசலில் நின்றேன். அட்டாளைச்சேனையில் அந்தப் பெண் கேட்ட கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. பயணம் வந்திராவிட்டால் வந்திருப்பீர்களா? ராத்தா அதற்கு உள்ளதைச் சொல்லிவிட்டார். நான் அங்கே குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் போக ஒரு பயணமும் இல்லை. பார்சலில் இருந்த போன் இலக்கத்தை அழுத்தினேன். இந்த முறை மணி அடித்தது. இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள்.

"தங்கச்சி" என்றேன். "நான் சுலக்சனா டீச்சர். அண்டைக்கு ராத்தாவோட வந்து ஒண்டும் கதைக்காம இருந்தவ. அந்தப் பதிவ எழுதினது நான்."